விசுவபாரதி என்னும் சிறு சர்வகலாசாலை

சென்ற மாதம் நம் சங்கத்தின் செயற்சபை கூடியபோது கல்வி நிதியைப் பற்றி நிகழ்ந்த வாதத்தை அன்பர்கள் அறிவார்கள். சேர்ந்திருக்கும் தொகையைக் கொண்டு மாணாக்கர் விடுதியொன்றை மாடியுடன் எழுப்பி, அதன் வாயிலிற் கொடையாளர் பெயர்களைக் கல்லிற் பொறித்தல் வேண்டும் என்று ஒருசாரார் கூறினர். கட்டடம் பின்னர் ஆகுக. முதற்கண் நல்லாசிரியர் இருவர் மூவரைத் தக்க ஊதியம் கொடுத்து நிறுத்துதலும், வறிய பிள்ளைகளுக்கு உபகாரச் சம்பளம் வழங்குதலுமே கல்வித்தொண்டு என்று மற்றொருசாரார் மறுத்தனர். முடிவு யாதும் பிறவாமலே சபை கலைந்தது. நாம் ஆசிரியத் தொழிலிற் பல்லாண்டு கழித்தவராதலின், அன்பர் சிலர் நம்மை நோக்கி, "நீர் யாது கூறுகின்றீர்?" என்று வினவினர். அன்று நாம் விடை கூறவில்லை. கூறியிருப்பின், ஆசிரியர் ஆசிரியர்க்கே பரிந்து பேசினார் என்ற சொல்லே எஞ்சியிருக்கும். உலகில் நிகழ்ந்த ஒன்றை எடுத்துக்காட்டி விடை கூறுதலே நன்றெனக் கருதி, வங்காளத்து விசுவபாரதி என்னும் சிறு சர்வகலாசாலையின் வரலாற்றை ஈண்டு எழுதப் புகுந்தோம்.

ரவீந்திரநாத தாகூரின் பெயரை அறியாதார் நம்முள் இலர். 1913-ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்ற கவிஞர் என்றும், நம் தேசிய கீதத்தை இயற்றியவர் என்றும் பள்ளிச் சிறுவரும் கூறுவர். ஆயினும், அவர் தம் வாழ்நாளிற் சரிபாதியை ஒரு பள்ளிக்கூடத்தை நடத்துவதிற் செலவிட்டார் என்பதையும், அதன்பொருட்டுப் பட்ட கடன்களையும் கவலைகளையும் அறிந்தவர் சிலரே.

கல்கத்தாவுக்கு ஏறக்குறைய 150 கிலோமீட்டர் தொலைவில், பீர்பூம் ஜில்லாவில், போல்பூர் என்பதோர் ஊர் உளது. அதன் அயலில் உள்ள நிலம் செம்மண் மேடு. மழைநீர் அரித்த பள்ளங்கள் நிறைந்தது. கவிஞரின் தந்தையாராகிய தேவேந்திரநாதர் அவ்வழியே சென்றபோது, அவ்வெளியில் நின்ற இரண்டு மரங்களின் நிழலில் தங்கி, அவ்விடத்தின் அமைதியில் உள்ளம் தோய்ந்து, 1863-ஆம் ஆண்டில் அந்நிலத்தைக் குத்தகையாகப் பெற்றார். வங்காளத்தார் சாதிம் என்று வழங்கும் அம்மரம் நம் நாட்டில் ஏழிலைப்பாலை எனப்படுவதாகும். அங்கே அவர் கட்டிய இல்லத்திற்குச் சாந்திநிகேதனம் என்று பெயரிட்டார். பின்னர் அப்பெயரே அவ்விடம் முழுமைக்கும் ஆயிற்று. 1888-ஆம் ஆண்டில் அவர் அதனைத் தியானத்திற்குரிய இடமாகத் தருமசாஸனம் எழுதிவைத்தார்.

அவ்விடத்திலேதான் 1901-ஆம் ஆண்டு டிஸம்பர் 22-ஆம் நாள் ரவீந்திரநாதர் தம் பள்ளியைத் தொடங்கினார். முதல் நாளில் இருந்த மாணாக்கர் ஐவர். அவருள் ஒருவர் கவிஞரின் மூத்த மகனார் ரதீந்திரநாதர். பழைய குருகுலத்தை நினைந்து அதற்குப் பிரமசரிய ஆசிரமம் எனப் பெயரிட்டனர். கவிஞர் தாம் இளமையிற் பயின்ற பள்ளிகளில் நான்கு சுவர்களுக்கு நடுவே அடைபட்டு வருந்தியவர். ஆதலின் தம் பிள்ளைகளுக்குச் சுவரே வேண்டா என்று கொண்டு, மரத்தடியில் ஒவ்வொருவரும் தத்தம் பாயை விரித்து அமர்ந்து கற்கும் வழக்கத்தை ஏற்படுத்தினார். மழை வந்தாலன்றி வகுப்புக் கூரையின்கீழ்ச் செல்லாது.

தொடக்கத்தில் மாணாக்கரிடம் சம்பளம் பெறவில்லை. செலவுக்கு வழி யாது? கவிஞரின் மனைவியாராகிய மிருணாளினி தேவியார் தம் நகைகளை ஒவ்வொன்றாக விற்கக் கொடுத்தார். பூரியில் இருந்த கடற்கரை வீடும் விலைப்பட்டது. பிள்ளைகளுக்கு உணவு சமைத்தும் உபசரித்தும் தாய்போல் இருந்த அவ்வம்மையார், பள்ளி தொடங்கி ஓராண்டு நிரம்புமுன், 1902 நவம்பரில் இறந்தார். அடுத்த ஆண்டில் மகள் ரேணுகை இறந்தார். 1905-ல் தந்தையாரும், 1907-ல் இளைய மகனும் மறைந்தனர். இத்துணைத் துன்பங்களுக்கிடையிலும் பள்ளி ஒருநாளும் கைவிடப்படவில்லை. அரசாங்கத்தாரின் ஐயமும் இவற்றோடு சேர்ந்தது. 1912-ஐ ஒட்டிய காலத்தில் கிழக்கு வங்காள அரசாங்கம், உத்தியோகஸ்தர்களின் மக்கள் பயிலுதற்கு இப்பள்ளி தகுதியற்றது என இரகசியச் சுற்றறிக்கை விடுத்தது. அதனால் பெற்றோர் சிலர் தம் மக்களை அழைத்துக்கொண்டு சென்றனர்.

பொருளும் இன்றி, அரசின் ஆதரவும் இன்றி, கட்டடமும் இன்றி அப்பள்ளியை நிறுத்தியது யாது என்று வினவின், ஆசிரியர்களே என்பது விடை. சதீசசந்திர ராயர் என்னும் இளைஞர், கவிபாடும் ஆற்றல் மிக்கவர், உலகியற் பயன்களைக் கருதாது அங்கு வந்து சேர்ந்தார். சிறுவரோடு வெயிலிலும் மழையிலும் திரிந்து, இலக்கியத்தை அவர் நாவில் இனிக்கச் செய்தார். 1904-ஆம் ஆண்டில் அம்மைநோய் கண்டு, இருபத்திரண்டு வயதளவில் அங்கேயே உயிர்நீத்தார். ஜகதானந்த ராயர் என்பார் பௌதிக சாஸ்திரத்தை எளிய தாய்மொழியிற் சொல்லியும் எழுதியும் வந்தார். விதுசேகர சாஸ்திரியார் வடமொழியோடு பாலியும் வல்லவர். க்ஷிதிமோகன் சேனர் 1908-ல் வந்து, ஊர் ஊராகத் திரிந்து கபீர் முதலிய அடியார்களின் பாடல்களைச் சாதுக்களின் வாய்வழிக் கேட்டுத் தொகுத்தார். பிற்காலத்திற் பொருளியலில் நோபெல் பரிசு பெற்ற அமர்த்திய சேனர் இவருடைய மகள்வயிற்றுப் பேரரே. அவர் பிறந்ததும் இளமையிற் பயின்றதும் சாந்திநிகேதனத்திலேதான்.

இவருள் ஒருவர் வரலாற்றை மட்டும் சிறிது விரித்துரைக்க விரும்புகின்றோம். ஹரிசரண வந்தியோபாத்தியாயர் என்பார் தாகூர் குடும்பத்தின் பாதிசர் ஜமீன் காரியாலயத்திற் கணக்கெழுதும் பணியிலிருந்தார். ஒருகால் அங்கே சென்ற ரவீந்திரநாதர், மாலைப்பொழுதில் யாது செய்கின்றீர் என்று அவரை வினவ, அவர் வடமொழி நூல்களைப் பயின்று எழுதிவருவதைக் காட்டினாராம். கணக்குப் புத்தகத்திற்கு நடுவே கல்வியை விடாத அம்மனிதரைக் கவிஞர் மறக்கவில்லை. 1902-ல் அவரை வடமொழி ஆசிரியராகச் சாந்திநிகேதனத்திற்கு வருவித்தார். பின்னர், வங்கமொழிக்குப் பேரகராதி ஒன்று இல்லாமை பெருங்குறை. அதனை நீர் செய்யும் என்று பணித்தார். 1905-ல் அவர் அப்பணியைத் தொடங்கினார். பகலிற் பாடம், எஞ்சிய பொழுதிற் சொற்றொகுப்பு. ஆயினும் பள்ளியில் வருவாய் குன்றியமையின் அவர் கல்கத்தா சென்று வேறு வேலை தேட நேர்ந்தது; அகராதியும் நின்றது.

அந்நிலையிற் கவிஞர், காசிம்பஜார் மகாராஜா மணீந்திரசந்திர நந்தியாரிடம் அவ்வாசிரியரின் பொருட்டு வேண்டினார். மகாராஜா திங்கள்தோறும் 50 ரூபாய் அளிக்க இசைந்தார். ஹரிசரணர் சாந்திநிகேதனத்திற்கு மீண்டார். எழுத்துவேலை மீண்டும் நடந்தது. 1923-ல் அகராதி எழுதி முடிந்தது. அச்சிடுதற்குப் பொருள் இன்றி மேலும் பல ஆண்டு காத்திருந்து, 1932 முதற் சிறு சிறு பகுதிகளாக வெளியிட்டு, 1945-ஐ ஒட்டி நிறைவேற்றினார். முதற் சொல்லை எழுதியதற்கும் இறுதிப் பகுதி அச்சேறியதற்கும் இடையே ஏறக்குறைய நாற்பது ஆண்டு சென்றன. வங்கீய சப்தகோசம் என்னும் அப்பேரகராதி இன்றும் வங்கமொழிப் புலவர்கள் எடுத்தாளும் நூலாகும். ஆக்கியோர் முதுமையிற் கண்ணொளி இழந்தார். 1957-ல் விசுவபாரதி அவருக்குத் தேசிகோத்தமர் என்னும் தன் பெரும்பட்டத்தை வழங்கியது. 1959-ல் அவர் மறைந்தார்.

அன்பர்கள் இதனைச் சிறிது சிந்திக்க வேண்டுகின்றோம். திங்கள் 50 ரூபாய். அத்தொகையைக் கொண்டு மகாராஜா ஒரு மண்டபத்திற்குத் தூண் நிறுத்தியிருக்கலாம். அத்தூண் இன்று நின்றாலும் யாருக்கு என்ன பயன்? ஒரு மொழியின் சொற்களெல்லாம் அந்த 50 ரூபாயால் ஓரிடத்தே சேர்ந்தன.

இனி, பள்ளி சர்வகலாசாலையான வரலாற்றைக் கூறுவோம். 1918-ஆம் ஆண்டு டிஸம்பரில் விசுவபாரதிக்கு அடிக்கல் நாட்டினர். 1921-ஆம் ஆண்டு டிஸம்பர் 23-ஆம் நாள், தத்துவப் பேரறிஞர் விரஜேந்திரநாத சீலர் தலைமையில், அது முறைப்படி நிறுவப்பட்டது. உலகம் முழுவதும் ஒரே கூட்டில் வந்து தங்கும் இடம் என்னும் பொருளுடைய வேதவாக்கியத்தை அதற்குக் குறிக்கோளாகக் கொண்டனர். கவிஞர் தம் வங்கமொழி நூல்களின் உரிமையை அதற்கே எழுதிக்கொடுத்தார். பாரிஸ் நகரத்துச் சில்வேன் லெவியார் முதற் பிறநாட்டுப் பேராசிரியராக வந்தமர்ந்தார். பின்னர், பிராக் நகரத்து விண்டர்நிட்ஸ் முதலிய அறிஞரும் வந்து பாடஞ் சொன்னார்கள். 1937-ல் சீன பவனம் திறக்கப்பெற்றது. சீன தேசத்து அறிஞர் தான் யுன்ஷான் அதன் தலைவராயமர்ந்து, தம் வாழ்நாளை அதற்கே அளித்தார்.

1919-ல் தொடங்கிய கலாபவனத்தை நந்தலால் வஸு என்னும் ஓவியப்பேரறிஞர் வளர்த்தார். நம் அரசியற்சட்டத்தின் கையெழுத்துப் பிரதியை ஓவியங்களால் அணிசெய்தவர்கள் அவரும் அவர் மாணாக்கருமே. சிற்பி ராம்கிங்கரர் அயலூர்ச் சாந்தாலர் குடும்பம் ஒன்றைக் கல்லும் சிமிட்டியும் கலந்து 1938-ல் திறந்த வெளியிற் சமைத்தார். வினோதவிஹாரி முகோபாத்தியாயர் பிறவியிலேயே பார்வை குன்றியவர். அவர் 1947-ல் ஹிந்தி பவனத்துச் சுவரில் இடைக்கால அடியார்களின் வாழ்க்கையை எழுதினார். நம் நாட்டு இராமாநுசரும் வடநாட்டுக் கபீரும் அச்சுவரில் விளங்குகின்றனர். சில ஆண்டுகளில் அவர் கண்கள் முற்றும் ஒளியிழந்தன. அதன் பின்னரும் அவர் கலையைக் கைவிடவில்லை. அவரிடம் பயின்ற சத்யஜித் ராய் 1972-ல் அவரைப் பற்றி ஒரு படம் எடுத்துத் தம் குருவணக்கத்தைச் செலுத்தினார். தென்னாட்டுத் தொடர்பும் கலாபவனத்திற்கு உண்டு. சென்னைப் பிரஸிடென்ஸி காலேஜிற் பொருளியல் பயின்று, 1942-ஆம் ஆண்டு இயக்கத்திற் சிறைபுகுந்த கே. ஜி. சுப்பிரமணியன் 1944-ல் அங்கு மாணாக்கராகச் சேர்ந்தார். பிற்காலத்தில் அங்கேயே பேராசிரியராயும் விளங்கினார்.

கல்வி கிராமத்தை விட்டு விலகிநிற்றல் தகாது என்பது கவிஞர் கருத்து. அதனால் 1922-ல் அருகிலுள்ள சுருல் என்னும் ஊரில், லெனார்டு எல்ம்ஹர்ஸ்டு என்னும் ஆங்கிலேய வேளாண் அறிஞரைக் கொண்டு ஸ்ரீநிகேதனம் நிறுவப்பெற்றது. மலைக்காய்ச்சலை ஒழித்தல், உழவு, நெசவு, தோல்வேலை, கூட்டுறவு ஆகியன அங்கே கல்வியாயின. ஏரைப் பிடித்து உழுதலையே ஒரு விழாவாக்கி, அதற்கு ஹலகர்ஷணம் என்று பெயரிட்டனர். 1928 முதல் மழைக்காலத்தில் மரம் நடுவிழாவும் நடைபெறலாயிற்று.

அவ்விடத்து மாணாக்கர் வாழ்க்கையும் கூறத்தக்கது. விடியுமுன் எழுந்து, நீராடி, பாடிக்கொண்டு வலம்வந்து, வழிபாடு முடித்தே பாடத்திற்குச் செல்வர். வாரவிடுமுறை ஞாயிறன்று, புதன்கிழமையே. அன்று காலையிற் கண்ணாடிச் சுவர்களையுடைய மந்திரத்தில் எல்லோரும் கூடுவர். தென்னாப்பிரிக்காவில் காந்தியடிகள் வளர்த்த பீனிக்ஸ் பள்ளிப் பிள்ளைகள் 1914-ல் இங்கு வந்து தங்கினர். 1915-ல் அடிகளும் வந்தார். சமையலும், பாத்திரம் துலக்குதலும், கழிப்பிடம் துப்புரவு செய்தலும் ஏவலாளர்க்கு உரியன என்று இருந்ததை மாற்றி, ஆசிரியரும் மாணாக்கருமே செய்யலாகாதோ என்று அடிகள் கேட்டார். மார்ச்சு 10-ஆம் நாள் அம்முயற்சி தொடங்கிற்று. அது நெடிது நிலைக்கவில்லை. ஆயினும் ஆண்டுதோறும் அந்நாளில் ஏவலாளர்க்கு விடுமுறை அளித்து, அவர் வேலைகளை மாணாக்கரும் ஆசிரியரும் ஏற்றுச் செய்வதைக் காந்தி புண்ணியதினம் என்று போற்றினர்.

கட்டடங்கள் இலவோ எனின், இருந்தன. ஆனால் அவற்றிற் புகழ்பெற்ற சில மண்ணாலானவை. 1935-ல் கவிஞர் தமக்கெனச் சுவரும் கூரையும் மண்ணாலேயே அமைத்துச் சியாமளி என்னும் சிறுவீட்டைக் கட்டுவித்தார். பின்னர்க் காந்தியடிகள் வந்து தங்கியதும் அம்மண்வீட்டிலேதான். கலாபவன மாணாக்கரின் விடுதியொன்று, களிமண்ணாற் கட்டி உருவங்கள் சமைத்துத் தார் பூசப்பெற்றமையால் கறுப்பு வீடு என்றே பெயர்பெற்றது. கட்டினவர் ஆசிரியரும் மாணாக்கருமே ஆதலின், அவ்விடுதியைக் கட்டுதலே ஒரு பாடமாயிற்று.

இவ்வளவு பெருமையிருந்தும் பணக்கவலை தீர்ந்தபாடில்லை. கவிஞர் எழுபத்தைந்து வயதை எட்டிய நிலையிலும், 1936-ல் நாட்டியக் குழுவினரை அழைத்துக்கொண்டு வடநாட்டு நகரங்களில் நாடகம் நடத்திப் பொருள் திரட்டினார். தில்லியில் அதனைக் கண்டு மனம் நொந்த காந்தியடிகள், 60,000 ரூபாய் பெற்றுத் தந்து, இம்முதுமையில் இனி அலைய வேண்டா என்று அவரை வீட்டுக்கு அனுப்பினார். 1940 பிப்ரவரியில் அடிகள் சாந்திநிகேதனம் வந்து திரும்புங்கால், கவிஞர் ஒரு கடிதத்தை அவர் கையிற் கொடுத்தார். தமக்குப் பின் விசுவபாரதியைக் காத்தருளல் வேண்டும் என்பதே அதன் சாரம். 1941 ஆகஸ்டு 7-ஆம் நாள் கவிஞர் மறைந்தார். அடிகள் அக்கடிதத்தை மௌலானா ஆஸாத் அவர்களிடம் ஒப்புவித்திருந்தார். நாடு விடுதலை பெற்றபின் ஆஸாத் கல்வி மந்திரியானார். 1951 மே மாதத்தில் விசுவபாரதி பார்லிமெண்டுச் சட்டத்தால் மத்திய சர்வகலாசாலையாயிற்று. நேரு ஆசாரியர் எனப்படும் வேந்தரும், ரதீந்திரநாதர் முதல் துணைவேந்தரும் ஆனார்கள். 1901-ல் மரத்தடியில் இருந்த ஐவருள் ஒருவரே ஐம்பது ஆண்டு கழித்து அப்பதவியில் அமர்ந்தார்.

சட்டத்தால் நேர்ந்த நன்மைகளை மறைத்தல் நேர்மையாகாது. அதற்குமுன் மாணாக்கர் பட்டம் பெறக் கல்கத்தா சர்வகலாசாலைப் பரீட்சைகளுக்கே செல்லவேண்டியிருந்தது, அக்குறை தீர்ந்தது. ஆசிரியர்க்கு மாதந்தோறும் ஊதியம் கிடைக்குமோ என்னும் ஐயம் ஒழிந்தது. 1956-ல் ஸத்யேந்திரநாத போஸ் என்னும் பௌதிகப் பேரறிஞர் துணைவேந்தராக வந்தார். விஞ்ஞானமும், வேளாண்மையும், ஆசிரியப்பயிற்சியும் தனித்தனிப் பவனங்களாய் வளர்ந்தன. மற்றொருபுறம், பட்டத்தை நாடி வருவோர் மிகுந்தனர். அகராதிக்கு நாற்பது ஆண்டு அளிக்கும் ஆசிரியரைச் சட்டத்தின் எந்தப் பிரிவாலும் நியமித்தல் இயலாது என்பதும் விளங்கிற்று.

சுவரின்றித் தொடங்கிய இடத்திற்குச் சுவர்க் கவலையும் வந்தது. 2004 மார்ச்சில் அங்குள்ள காட்சிசாலையினின்று கவிஞரின் நோபெல் பதக்கம் களவு போயிற்று. அதன்பின் காவலும் வேலியும் மிகுந்தன. 2020 ஆகஸ்டில் பௌஷ மேளா கூடும் மைதானத்தைச் சுற்றிச் சுவர் எழுப்பப் புகுந்தபோது ஊரார் திரண்டு எதிர்த்தனர், கலகமும் நேர்ந்தது. சுவர் வேண்டும் என்றவர் பக்கத்தும் காரணம் உண்டு. வேண்டா என்றவர் பக்கத்தும் காரணம் உண்டு. 2023 செப்டம்பரில் சாந்திநிகேதனம் உலக மரபிடங்களின் வரிசையிற் சேர்க்கப்பெற்றது. மரத்தடியில் இன்றும் சிறுவர் வகுப்பு நடைபெறுகின்றது. பட்டமளிப்பு விழாவில் மாணாக்கர்க்கு ஏழிலைப்பாலையின் தழை வழங்கும் வழக்கத்தையும் அச்சர்வகலாசாலை பேணி வந்துள்ளது.

இனி நம் சபையில் எழுந்த வினாவுக்கு வருவோம். மாணாக்கர்க்கு விடுதி வேண்டாம் என்று நாம் கூறவில்லை. மழைக்கு ஒதுங்கக் கூரை வேண்டும். வெளியூர்ப் பிள்ளைக்குப் படுக்க இடம் வேண்டும். ஆனால் முதலில் வேண்டுவது யாது, பின்னர் வேண்டுவது யாது என்னும் வரிசையே வினா. விசுவபாரதியில் ஆசிரியர் முன்னே வந்தனர். கட்டடம் பின்னே வந்தது. சட்டம் ஐம்பதாண்டு கழித்து வந்தது. இவ்வரிசை மாறியிருப்பின், செம்மண் மேட்டில் ஒரு பெரிய கட்டடம் இருந்திருக்கும், அகராதி இருந்திராது.

ஆதலின், அடுத்த கூட்டத்தில் அன்பர்கள் முடிவுசெய்யுமுன், நம் பிள்ளைகள் பயிலும் பள்ளிகளில் மாலைப்பொழுதிலும் புத்தகத்தை மூடாத ஆசிரியர் எவரேனும் உளரோ என்று தேடுவாராக. அவர் தம் வேலையை விட்டு வேறு தொழில் நாடும் நிலையில் இருக்கின்றாரோ என்றும் விசாரிப்பாராக. அத்தகைய ஒருவரைப் பிழைப்புக் கவலையினின்று மீட்டு நிறுத்துவோமாயின், அவரிடம் பயிலும் பிள்ளைகள் நம் சங்கத்தை மறவார். கல்லிற் பெயர் பொறிக்கும் செலவு அதன்பின் வேண்டுமோ வேண்டாவோ என்பதை அப்பொழுது யோசிக்கலாம்.